முதலில் அது மரம்

(தவக்காலத்துக்கு முன்னர் திருகோணமலையில், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் பங்குகளில் சிலுவைப்பாதை ஒழுங்கு செய்பவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

நம்மிடம் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் உண்டு. பாட்டிமார் 'குருசு' என்பார்கள். வேதாகமம் 'சிலுவை' என்கிறது. குருசு, போர்த்துக்கேயரின் 'குரூஸ்'. சிலுவை அதைவிட மூத்தது. சுரியானி மொழியின் 'ஸ்லீவா'. இயேசு பேசிய அரமேய மொழிக் குடும்பத்தின் ஒரு கிளைதான் சுரியானி. 1912ஆம் ஆண்டு அனுராதபுரத்து அகழ்வில் சிலுவை செதுக்கிய கல் ஒன்று கிடைத்தது. அடியில் இரு பக்கமும் இலை விரிந்திருக்கும், சுரூபம், அதாவது இயேசுவின் உருவம், கிடையாது. அது பாரசீகக் கிறிஸ்தவர்களுடையது என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. ஆறாம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்ற வணிகர், இந்தத் தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு திருச்சபை உண்டு என்று எழுதிவைத்தார். அவர்களுடைய வழிபாட்டு மொழி சுரியானி. குருசு கப்பலில் வந்து இறங்குவதற்கு ஏறத்தாழ ஆயிரம் வருடம் முன்பே ஸ்லீவா இங்கே ஒலித்திருக்க வேண்டும்.

குருசைக் கொண்டுவந்தவர்கள் இந்த ஊரில் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லாமல் கடக்க முடியாது. 1620களில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். திருகோணமலையில் சிலுவையைப் பற்றிப் பேசுகிறவன் அதை மறைத்துப் பேசினால், கேட்கிற அயலவர் மீதியையும் நம்பமாட்டார்.

சரி, மரத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'ஸ்தவுரொஸ்'. நட்டுவைத்த கம்பம் என்பதே அதன் பழைய பொருள். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது 'மரத்தில்' தொங்கவிடப்பட்டவர் என்று சொல்வது, இணைச்சட்டம் 21ஆம் அதிகாரத்தை மனத்தில் வைத்து. மரத்தில் தொங்குகிறவன் சபிக்கப்பட்டவன் என்பது அங்கே உள்ள சட்டம். யூதருக்கு அது சாபம், உரோமருக்கு அது அடிமைக்குரிய சாவு. உரோமையின் பலத்தீன் குன்றில், கழுதைத்தலை மனிதன் ஒருவனைச் சிலுவையில் கீறி, 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்று யாரோ சுவரில் எழுதியிருக்கிறார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிலுவைப் படங்களில் ஒன்று அந்தக் கேலிப்படம்தான். கிறிஸ்தவர்கள் தாங்களே இயேசு சிலுவையில் இருப்பதைக் கோவிலுக்குச் செதுக்கி வைத்ததற்கு, உரோமை சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவு பழைய சான்று. ஏறத்தாழ 430ஆம் ஆண்டு. அந்தத் தண்டனை வழக்கொழிந்து, அதைக் கண்ணால் கண்டவர்கள் எல்லாரும் போன பிறகு என்பதைக் கவனியுங்கள். அதுவரை அடையாளம் கையில் இருந்தது. பெருவிரலால் நெற்றியில் சின்னதாய்க் கீறிக்கொள்வார்கள். வெளியே போகும்போது, உள்ளே வரும்போது, விளக்கேற்றும்போது எல்லாம் கீறுவதாக, பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதுகிறார். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனில் குருவானவர் நம் நெற்றியில் இடுவது அந்தப் பழைய அளவு. மெதடிஸ்த சபையிலிருந்து வந்திருப்பவர்களோடு, சுரூபம் உள்ள சிலுவையா வெறுஞ்சிலுவையா என்று வாதாட எனக்கு விருப்பமில்லை, இரண்டும் பழையவை.

நற்செய்தியாளர்கள் இந்த இடத்தில் மிகவும் சுருக்கமானவர்கள். 'அவரைச் சிலுவையில் அறைந்தார்கள்', அவ்வளவுதான். ஆணி என்ற சொல் நான்கு நூல்களின் பாடுகளின் வரலாற்றில் எங்கும் வராது. உயிர்ப்புக்குப் பிறகு சீடர் தோமா கேட்கும்போதுதான் யோவானில் வருகிறது. அந்த ஆணி எப்படிப்பட்டது என்று காட்டுகிற முதல் உறுதியான எலும்பு 1968இல் எருசலேமின் வடகிழக்கே கிவாத் ஹமிவ்தாரில் கல்லறைப் பெட்டி ஒன்றில் கிடைத்தது. பெட்டியில் யெகோகனான் என்ற பெயர். வலது குதிகால் எலும்பில், பக்கவாட்டில் இறங்கிய இரும்பாணி, நீளம் 11.5 சென்ரிமீற்றர், நம் தச்சர் கணக்கில் நாலரை அங்குலம். ஆணித்தலைக்கும் எலும்புக்கும் நடுவே ஒலிவ மரத்துண்டு, இக்கால வாசர் மாதிரி, கால் உருவி வராதிருக்க. மரத்தின் முடிச்சில் பட்டு முனை வளைந்ததால்தான் ஆணியைக் கழற்ற முடியாமல் அப்படியே புதைத்தார்கள் என்று கருதுகிறார்கள்.

இயேசுவின் தலைக்கு மேலிருந்த பலகையை நற்செய்தியாளர் நாலு பேரும் நாலு விதமாகத் தருகிறார்கள். மாற்கில் 'யூதரின் அரசர்' மட்டும். யோவானில்தான் 'நாசரேத்து இயேசு' சேர்கிறது; நம் சிலுவைகளில் உள்ள ஐ.என்.ஆர்.ஐ. அந்த இலத்தீன் வரியின் முதலெழுத்துகள். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என்று மூன்று மொழியில் எழுதியதும் யோவான் சொன்னதே. மும்மொழிப் பலகைக்குக் கீழே நின்று வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அதை விளக்க நேரமெடுக்காது: அந்த வழியால் போகிற எவனும் வாசிக்க வேண்டும் என்பதற்காக.

இனிச் சுமப்பது. உரோமர் காலத்தில் நிமிர்மரம் கொலைக்களத்திலேயே நட்டிருக்கும். கைதி சுமந்தது குறுக்குமரத்தை என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. இலத்தீனில் அதன் பெயர் 'பத்திபுலும்'. நாமோ முழுச்சிலுவையைச் சுமக்கிறோம். அது தவறில்லை, ஆனால் பாரம் கணக்குப் பார்க்காமல் செய்கிறோம். பத்தடி நிமிர்மரம், ஆறடி குறுக்குமரம், இரண்டும் நாலுக்கு நாலு அங்குலம் என்றால் தேக்கில் முப்பத்துமூன்று கிலோ வரும். அதே அளவைப் பாலைமரத்தில் செய்தால் ஐம்பதைத் தாண்டும். பாலை தண்ணீரில் தாழ்கிற மரம். பதினைந்து வயதுப் பையன் தோளில் அதை வைத்து மூன்று மைல் நடத்துவது பக்தியில்லை. மூன்று அங்குலத்துக்கு இறங்கினாலே பாரம் பாதிக்குக் கிட்டக் குறைந்துவிடும்.

உடைவது எப்போதும் இரண்டு மரமும் சேரும் சந்தியில். இரண்டு மரத்தையும் பாதிப்பாதி ஆழம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று இறக்க வேண்டும். மேலே வைத்து ஆணியடித்தால் இரண்டாம் தலத்திலேயே, அதாவது சிலுவைப்பாதையில் நின்று செபிக்கும் இரண்டாம் இடத்திலேயே, ஆடத் தொடங்கும். நடுவில் ஒரு போல்ட் மட்டும் போட்டால் குறுக்குமரம் அதைச் சுற்றித் திரும்பும். ஆகவே மூலைக்கு மூலையாக இரண்டு. முதலில் துளை போட்டுவிட்டே இறக்குங்கள். பாலையில் துளையில்லாமல் அடித்தால் மரம் பிளக்கும், இல்லாவிட்டால் ஆணி வளையும், அந்த யெகோகனானுக்கு நடந்தது போல. கடற்காற்று உள்ள ஊரில் சாதாரண இரும்பு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து மரத்தில் கறுப்பாய் ஒழுகும்; துருப்பிடிக்காத உருக்கு கொஞ்சம் செலவுதான், பரவாயில்லை. தார் வீதியில் இழுபடும் அடிமுனைக்கு ஒரு துண்டு டயர் றப்பரை வைத்து ஆணியடியுங்கள். இயேசுவின் சிலுவையைச் சுமந்த சீமோனாக வருகிறவர் அந்த முனையைத் தூக்கிக்கொண்டால் இழுவை நிற்கும். சிலுவையை இயேசுவுக்குப் 'பின்' சுமந்தான் என்று லூக்கா எழுதுவது அவருக்குப் பொருந்தும். வெறுங்காலோடு நடப்பவர்கள் இருந்தால் காலை ஏழு மணிக்குள் புறப்படுங்கள். பத்து மணிக்கு மேல் தார் சுடும்.

தலங்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பதினான்கு என்ற எண்ணிக்கையை 1731இல் பன்னிரண்டாம் கிளமென்ட் பாப்பரசர் நிலைப்படுத்தினார். மூன்று தடவை விழுவது, வழியில் தாயைச் சந்திப்பது, வெரோணிக்கா இயேசுவின் முகம் துடைப்பது ஆகிய ஐந்தும் நற்செய்தியில் இல்லை, மரபு. பதின்மூன்றில் உடலை இறக்குவது நற்செய்தி, அதைத் தாயின் மடியில் கிடத்துவது மரபு. 1991இல் இரண்டாம் அருள் சின்னப்பர், கெத்சமனியில் தொடங்கி எல்லாத் தலமும் வேதத்திலிருந்தே வரும் வரிசை ஒன்றைப் பயன்படுத்தினார். ஒரு வருடம் அதைச் செய்து பார்க்கலாம். ஆனால் வெரோணிக்காவை எடுத்துவிட்டால் நம் தாய்மார் கோபிப்பார்கள், அதில் எனக்கும் அனுதாபம் உண்டு. இன்னொன்று: தலத்துக்குத் தேவை மரச்சிலுவை பதினான்கு. படங்கள் கூடுதல். படத்துக்குக் காசு சேரவில்லை என்று நிறுத்தாதீர்கள்.

பெரிய வெள்ளி ஆராதனையில் முத்தி செய்ய, அதாவது முத்தமிட, கொடுப்பது ஒரே சிலுவையாக இருக்க வேண்டும் என்று திருப்பலி நூல் சொல்கிறது. கூட்டம் பெரிதென்று நாலு வரிசைக்கு நாலு சிலுவை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம், அது சரியில்லை. அதற்கு வழியும் நூலிலேயே இருக்கிறது: சிலர் வந்து வணங்கிய பிறகு குருவானவர் பீடத்தின் முன் நடுவில் நின்று சிலுவையை உயர்த்திப் பிடிப்பார், எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே மௌனமாக ஆராதிக்கலாம். செவ்வூதாத் துணியை மூன்று தடவையில் நீக்குகிறோம்: முதலில் மேற்பகுதி, பிறகு வலக்கை, மூன்றாவதில் முழுவதும். துணியை ஊசி குத்தாமல், மூன்று துண்டாக நாடாவால் கட்டுங்கள். இழுத்ததும் ஒவ்வொன்றாய் வர வேண்டும். முடிச்சு இறுகி, பீடப்பணியாளர் மூவர் கூடி நின்று அவிழ்த்தால், 'இதோ திருச்சிலுவை மரம்' என்று பாடியதை யார் கேட்பார்கள்? பாதணி கழற்றிவிட்டு வணங்கப் போவது குருவுக்கு நூல் அனுமதிக்கும் வழக்கம். நமக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முத்தி செய்யும் இடம் முதியவரின் நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி இருவர் பிடிக்கட்டும், ஒவ்வொருவருக்கும் பிறகு வெள்ளைத் துணியால் துடைக்கட்டும். ஆராதனை முடிந்ததும் பீடம் வெறுமையாகும், சிலுவையும் மெழுகுதிரிகளும் மட்டும் நிற்கும். அப்போதிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவில் வரும் பாஸ்கா திருவிழிப்பு வரை அதற்கு முழந்தாளிட்டு வணங்குவோம்.

ஊர்வலச் சிலுவையை ஞாயிறு முடிந்ததும் கோவிலின் பின்சுவரில் சாய்த்து விட்டுவிடுகிறார்கள். சாய்த்த மரம் வளையும், மண்ணில் பட்ட முனையைக் கறையான் தின்னும். இரண்டு கட்டையில் படுக்கையாக வையுங்கள், தரையிலிருந்து அரை அடி. அடுத்த விபூதிப் புதனுக்கு முதல் கிழமை போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள்.