கட்டில் இருமியது

நேயர்களுக்கு வணக்கம். தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒத்துப்போகவில்லை என்று கதையில் நேராக எழுதிவிட்டால் அது வெறும் தகவல், படிப்பவர் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அந்த விரிசல் நிஜமாகத் தெரிகிற இடம் உவமைதான் என்று நான் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வேளச்சேரி வீட்டு மொட்டைமாடியில் சிலர் கூடிக் கதை வாசிப்போம். போன மாதம் ஒரு கல்லூரி மாணவி தான் எழுதியதை வாசித்தார். பாட்டி இறந்த பிறகு கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தாத்தாவைச் சென்னைக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள், சின்ன ஃபிளாட், ஹாலில் அவருக்கு ஒரு கட்டில். கதை சொல்கிற பேத்தி எழுதுகிறாள்: “கட்டில் இருமியது. கட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னது.”

‘ஊர் சிரித்தது’ என்று பள்ளியில் இடவாகுபெயர் படித்தோமே, இடத்தின் பெயரால் அங்கே இருப்பவரைச் சொல்வது, அதேதான். ஆனால் இங்கே இலக்கணம் வலிக்கிறது. நாலு பக்கக் கதையில் கடைசி வரி வரைக்கும் பேத்தி வாயில் ‘தாத்தா’ என்ற சொல்லே கிடையாது. பெயரன், பெயர்த்தி என்பதுதானே பேரன், பேத்தி ஆனது, பாட்டன் பாட்டியின் பெயரைச் சுமந்து வருகிறவர்கள். அப்படிப் பெயராலேயே கட்டிய உறவில் ஒருத்தி அவரை எந்தச் சொல்லாலும் கூப்பிடாமல் இருக்கிறாள் என்றால் அதைவிடப் பெரிய சண்டை வேண்டுமா?

அப்புறம் உவமைகள். தாத்தா மகனிடம் சொல்கிறார்: “மடை திறக்காத வாய்க்கால்டா உன் பொண்ணு.” பேத்தி தோழியிடம் சொல்கிறாள்: “டவர் கிடைக்காத போன் மாதிரிடி, பக்கத்துலயேதான் இருக்கார், ஆனா பேச முடியாது.” ஒருவர் காவிரித் தண்ணீரிலிருந்து பேசுகிறார், இன்னொருத்தி கையில் இருக்கிற போனிலிருந்து, ஆனால் இரண்டு பேருக்கும் குறை ஒன்றுதான், வரவேண்டியது வரவில்லை. இது அந்த இருவருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரிகிறது. இந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்று நான்காகப் பிரிக்கிறார். மெய் என்றால் வடிவம், உரு என்றால் நிறம். இதை வைத்துக்கொண்டு கதையை மறுபடி படித்தேன். வாய்க்கால், போன் எல்லாமே வினையும் பயனும், அதாவது நீ எனக்கு என்ன செய்கிறாய், என்ன செய்யவில்லை என்கிற கணக்கு. வடிவத்தையோ நிறத்தையோ வைத்து ஒரு உவமைகூட இல்லை, ஏனென்றால் இவர்கள் ஒருவரை ஒருவர் சரியாகப் பார்த்ததே இல்லை!

கடைசிப் பக்கத்தில்தான் பார்க்கிறாள். ராத்திரி கரண்ட் போய்விடுகிறது, தண்ணீர் குடிக்க எழுந்தவள் போன் வெளிச்சத்தில் தூங்குகிறவரின் பாதத்தைக் கவனிக்கிறாள். “தண்ணி வராத வயல் மாதிரி வெடித்திருந்தது” என்று எழுதுகிறாள். வயலையே பார்க்காத பெண்ணுக்கு அந்த உவமை அவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும், தினமும் டிவி சத்தத்துக்கு நடுவே அவர் பேசியதெல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இருவரும் கட்டிப்பிடித்து அழுவதாக ஒரு பத்தி இருந்தது, எடுத்துவிடச் சொன்னேன். சரி என்று எடுத்துவிட்ட அந்த மாணவி, ஒரே ஒரு வரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார்: “தாத்தா தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன்.”