அட்டையில் எழுதிய விலை: 'ஹாஸ்டல்' படம் குறித்து

வணக்கம் நேயர்களே. கிருஷ்ணகிரியிலிருந்து பேசுகிறேன். 'ஹாஸ்டல்' என்ற திகில் படத்தைப் பற்றிப் பேசும்படி தம்பிகள் சிலர் நெடுநாளாகக் கேட்டு வந்தார்கள். ஈலை ராத் இயக்கிய இந்தப் படம் 2006 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர்களும் சிறுவர்களும் இதைத் தொடவே வேண்டாம். கதையின் முக்கியமான இடங்களையும் நான் சொல்லப்போகிறேன். படம் பார்க்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பாக்ஸ்டன், ஜோஷ் என்ற அமெரிக்க மாணவர்கள் இருவரும் ஐஸ்லாந்துக்காரனான ஓலியும் ஐரோப்பாவைச் சுற்றி வருகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் அறிமுகமாகும் ஓர் இளைஞன், ஸ்லோவாக்கியாவில் ஒரு விடுதி இருக்கிறது, போரினால் அங்கே ஆண்களே இல்லை, பெண்கள் வெளிநாட்டவரை விரும்பி வரவேற்பார்கள் என்று ஆசை காட்ட, மூவரும் ரயில் ஏறிவிடுகிறார்கள். மறுநாளே ஓலியைக் காணவில்லை. ஊருக்குக் கிளம்பிவிட்டதாக அவனுடைய படத்துடன் கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

ரத்தத்துக்குப் பெயர்பெற்ற இந்தப் படத்தின் முதல் பாதியில் ரத்தம் அநேகமாக இல்லை என்பதுதான் வேடிக்கை. பிற்பாதியில் இருக்கிறது, வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. அந்த விடுதி ஒரு பொறி; அங்கே தங்குகிறவர்களைப் பிடித்து, பணம் கட்டி வருகிறவர்கள் கொல்வதற்காக ஓர் அமைப்பு விற்கிறது. ஆயினும் என்னை உலுக்கியது ஓர் உடை மாற்றும் அறை. தப்பிக்க முயலும் பாக்ஸ்டன் வேறொருவரின் உடையை அணிந்து அங்கே நிற்கும்போது உள்ளே வரும் ஓர் அமெரிக்கர், அவனையும் தம்மைப் போலப் பணம் கட்டி வந்த வாடிக்கையாளன் என்று எண்ணிக்கொண்டு, எப்படி இருந்தது, சீக்கிரம் முடித்தாயா, மெதுவாகச் செய்தாயா என்று ஆவலோடு விசாரிக்கிறார். கொலை செய்யப் போகிற மனிதர், புது ஓட்டலில் எந்தப் பதார்த்தம் நன்றாக இருக்கும் என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்பதைப் போலக் கேட்கிறார். அந்த அமைப்பின் அட்டையில் ரஷ்யருக்கு 5,000 டாலர், ஐரோப்பியருக்கு 10,000, அமெரிக்கருக்கு 25,000 என்று விலை எழுதியிருக்கிறது. கத்தியும் ரம்பமும் எல்லாத் திகில் படங்களிலும் உண்டு; இங்கே கொலைக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது, அதை வாங்க வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.

ஸ்லோவாக்கியர்கள் இந்தப் படத்தின் மேல் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த இளைஞன் சொல்லும் போர் அந்த நாட்டில் நடக்கவே இல்லை; செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று சண்டை சச்சரவின்றி இரண்டாகப் பிரிந்தது. படப்பிடிப்பும் செக் நாட்டில்தான் நடந்தது. உலகத்தைப் பற்றிய அமெரிக்கர்களின் அறியாமையைக் காட்டவே எடுத்தேன் என்று இயக்குநர் விளக்கம் சொன்னார். போர் என்றதும் ஒரு கேள்வியும் கேட்காமல் கிளம்புகிற அந்தப் பையன்களைப் பொறுத்தவரை அந்த விளக்கம் செல்லும். ஆனால் தெருச் சிறுவர்கள் முதல் காவல்துறை வரை ஊரையே பயங்கரமாகக் காட்டிவிட்டு அந்த விளக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது.

இதை நம் ஊரில் இருந்து பார்க்கும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டதும், 2022இல் சிலர் மீட்கப்பட்டு வந்ததும் செய்தித்தாள்களில் வந்தவைதான். அவர்களுக்கும் தூண்டில் போட்டது ஒரு பேச்சுதான். படத்தின் பையன்கள் இன்பத்துக்காகப் போனார்கள், இவர்கள் சம்பளத்துக்காகப் போனார்கள். பெங்களூரு விமான நிலையத்துக்குப் பெட்டியோடு கிளம்பும் தம்பி யாராவது இதைப் பார்த்தால், ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

2007இல் வந்த இரண்டாம் பாகம், பணம் கட்டுகிறவர்களின் பக்கத்தில் நின்று கதை சொல்கிறது. பிடிபட்டவர்களை ஏலம் கேட்பவர்கள் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டே விலை ஏற்றுகிறார்கள். முதல் பாகத்தைவிட அதுவே துணிச்சலான படம் என்பது என் எண்ணம். அதை அடுத்த காணொளியில் விரிவாகப் பேசுகிறேன்.