அருவி ஓரத்தில் நின்றுபோன காடி

நேயர்களுக்கு வணக்கம். பீடோரிலிருந்து வந்திருக்கிறேன். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய காடிக்கு எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்பு மாட்டுவது பற்றிப் பேசப்போகிறேன்.

என்னுடையது டாட்சன் 120ஒய். அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தபோது வாங்கியது. தீபாவளி முடிந்த மறுநாள் குடும்பமே அதில் ஏறி, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போவோம். லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கி, அம்மா கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பினால், இஞ்சின் சுற்றும், ஆனால் பிடிக்காது. அப்பா தோளில் கிடக்கும் துண்டை அருவியில் நனைத்துப் பம்பின் மேல் போடுவார். துண்டிலிருந்து லேசாக ஆவி கிளம்பும். "அதுக்குக் காய்ச்சல், பத்துப் போடுறார்" என்பார் அம்மா. கால் மணி நேரம் கழித்துக் காடி கிளம்பும். வருஷா வருஷம் அதே இடம், அதே துண்டு.

காய்ச்சலுக்குக் காரணம் இருக்கிறது. பழைய பம்பு இஞ்சினோடு ஒட்டியிருக்கும். இஞ்சினுக்குள் சுற்றும் கேம் தண்டு அதன் கையைத் தட்டத் தட்ட, உள்ளிருக்கும் சவ்வு பின்னால் டாங்கியிலிருக்கும் பெட்ரோலை உறிஞ்சும். ஓடும்வரை வருகிற பெட்ரோலே பம்பைக் குளிர வைக்கும். நிறுத்தியதும் இஞ்சின் சூடு ஏறி, உள்ளே தங்கிய பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும்; ஆவி நிறைந்தால் பம்பால் பெட்ரோலை உறிஞ்ச முடியாது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் ஐஸ் தண்ணீர் குடித்துப் பாருங்கள், அதே கதைதான்.

எலெக்ட்ரிக் பம்பு தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பேறி. அதனால் பின்னால், டாங்கிக்குப் பக்கத்தில், தாழ்வாக மாட்டுங்கள். கைக்கு எட்டுகிறதே என்று பானட்டுக்குள் மாட்டினால் மறுபடியும் துண்டு நனைக்க வேண்டியதுதான். ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கு இன்னொரு தடவை: பின்னால், தாழ்வாக.

அடுத்து அழுத்தம். இதில் நானே ஏமாந்தவன். பழைய சாமான் கடையில் மலிவாக ஒரு பம்பு கிடைத்தது. இன்ஜெக்‌ஷன் காடியுடையது, நாற்பது பவுண்டு அழுத்தத்தில் தள்ளும். என் பழைய காடியில் பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு வேண்டியதோ மூன்று, நான்கு பவுண்டுதான். அதற்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் மிதவை ஊசி எப்படித் தாங்கும்? சாவியைத் திருப்பினேன், கார்புரேட்டர் நிரம்பி இஞ்சின் மேலெல்லாம் பெட்ரோல் வழிந்தது. அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பாட்டி சாம்பிராணித் தட்டோடு வேலியோரம் வந்து, "என்னப்பா வாசம்?" என்று எட்டிப் பார்த்தார். நான் கத்திய கத்தலில் பாட்டி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் அழுத்தத்தைப் படித்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு ஃபில்டர் வையுங்கள், பழைய டாங்கியில் துரு இருக்கும். பழைய பம்பைக் கழற்றிய ஓட்டையைத் தகடும் பேக்கிங்கும் வைத்து மூடுங்கள், இல்லாவிட்டால் இஞ்சின் எண்ணெய் வெளியே வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று. பழைய பம்பு இஞ்சினோடு நின்றுவிடும்; இது சாவி போட்டிருக்கும்வரை தள்ளும், காடி கவிழ்ந்து கிடந்தாலும் தள்ளும். அதனால் ஃபியூஸ், ரிலே வைத்து, ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள்; இஞ்சின் நின்றால் எண்ணெய் அழுத்தம் இறங்கும், பம்பும் நின்றுவிடும். ஸ்டார்ட் பண்ணும்போது அந்த அழுத்தம் இருக்காது, அதற்கு மட்டும் தனி வயர். உங்கள் வயர்மேனுக்குப் புரியும்... சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.