பீலித் தண்ணீரில் மூன்று சுவிட்ச்

வணக்கம் மக்களே. கயாக்கில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகில், ஏறுகிற தண்ணீரை இறைக்கும் பம்புக்கு எந்த சுவிட்ச் சரி என்று இன்று சோதிக்கப்போகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் மழை இல்லை, எங்கள் லயத்துப் பீலி, மலைத் தண்ணீர் விழுகிற குழாய். இந்த வாளித் தண்ணீரை இப்போதுதான் அங்கே பிடித்தேன், கை வைத்தால் விரல் விறைக்கிறது. அந்தத் தகரத்தின் மேல் மூன்று சின்ன சாப்பாட்டுப் பெட்டிகள் காய்கின்றன, தெரிகிறதா? ஒவ்வொன்றின் மூடியிலும் துளை போட்டு ஒரு சுவிட்சை முடுக்கி, உள்ளே ஒரு டிஷ்யூ வைத்திருக்கிறேன். ஒரு மணி நேரமாக வெயிலில் கிடக்கின்றன. காரணம் இருக்கிறது, வருகிறேன்.

போன மாதம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மதியத்துக்கு மேல் காற்று எழும்பி, கயாக்குக்குள் அலை ஏறிவிட்டது. பம்ப் இருக்கிறதே என்ற தைரியத்தில் சுவிட்சை அழுத்தினேன். சத்தமே இல்லை. மடி நிறையத் தண்ணீரோடு கரை சேர்ந்தேன். வீட்டில் கழற்றிப் பார்த்தால், முன்பக்கம் புதுசு போலப் பளபளக்கிறது. பின்பக்கம் இரண்டு முனையிலும் பச்சைக் களிம்பு! ஒரு வயர் தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

அந்த சுவிட்ச் வந்த அட்டைப் பெட்டியில் ஐபி67 என்று பெரிதாகப் போட்டிருந்தது. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான குறியீடு அது. அது பொய் இல்லை, நான்தான் அரைகுறையாகப் படித்தேன். 6 என்றால் தூசி புகாது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் பலகையில் பொருத்துகிற சுவிட்சுகள் பலவற்றில் இந்தக் கணக்கு முகத்துக்கு மட்டும்தான். முதுகு திறந்தே கிடக்கும். கயாக்கில் அந்த முதுகு எங்கே இருக்கிறது? உள்ளே, நாள் முழுக்க ஈரக் காற்று அடைந்து கிடக்கிற இடத்தில்.

இன்னொன்று. ஐபி சோதனைக்கான தரம் ஐஇசி 60529. அதன்படி முக்கும்போது பொருளின் சூட்டுக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நம் ஊரில் அது நடக்குமா? பதினொரு மணி வெயிலில் கரையில் காய்ந்த கயாக்கை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் இறக்குகிறோம். உள்ளே இருக்கிற சூடான காற்று சுருங்கும். சுருங்கும்போது ரப்பர் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் பெட்டிகளை முதலில் காய வைத்தேன். சரி, மூன்றையும் தண்ணீரில் அமுக்கி மேலே கல் வைக்கிறேன். அரை மணி நேரம் ஊறட்டும்.

அதுவரை கரண்ட் கணக்கைப் பார்ப்போம். என்னுடையது 12 வோல்ட் பம்ப், மணிக்கு 500 கேலன், அதாவது சுமார் 1900 லிட்டர். அது லேபிள் கணக்கு. குழாய் வழியாக மேலே ஏற்றும்போது குறையும். ஓடும்போது இரண்டு, இரண்டரை ஆம்பியர் இழுக்கும். புல்லோ இலையோ சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் அதைப்போல் பல மடங்கு. ஆகவே சுவிட்சில் 250 வோல்ட் ஏசி என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். வீட்டு மின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொடும், அதனால் சுவிட்சுக்குள் எழும் பொறி தானாக அணையும். பேட்டரி கரண்ட் அப்படித் தொடாது, பொறி நின்று எரியும், முனை கருகும். 12 வோல்ட் டிசி, 10 ஆம்பியர் என்று தெளிவாக எழுதியதைக் கேளுங்கள். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, பம்ப் லேபிளில் சொன்ன அளவில்.

ஓட்டோ ஹார்ன் பட்டனைப் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். விரலை எடுத்தால் நின்றுவிடுமே தம்பி! கையால் இறைக்கிற பம்பை விட்டு இதற்கு வந்ததே துடுப்பைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு தடவை அழுத்தினால், மறுபடி அழுத்தும்வரை ஓடவிடுகிற வகைதான் வேண்டும். தண்ணீர் ஏறினால் தானாக ஓடுகிற மிதவை சுவிட்ச் பெரிய படகுக்கு நல்லது. கயாக் ஆடுகிற ஆட்டத்துக்கு அது போட்டு அணைத்து, போட்டு அணைத்து, தேவைப்படும்போது பேட்டரி காலி.

அரை மணி ஆச்சு, திறக்கிறேன். முதல் பெட்டி, ரப்பர் மூடி போட்ட ராக்கர், அதாவது இருபக்கமும் சாய்கிற சுவிட்ச்: டிஷ்யூ கூழாகிவிட்டது. இரண்டாவது, ரப்பர் தொப்பி போட்ட டாகிள், அதாவது குச்சி வைத்த சுவிட்ச்: ஓரத்தில் லேசான ஈரம். இந்தத் தொப்பி மலை வெயிலில் வெடிக்கும், அடிக்கடி மாற்ற வேண்டும். மூன்றாவது, 67-ஐவிட ஒரு படி மேலான ஐபி68 புஷ் பட்டன், முதுகு முழுக்க எபொக்சி என்ற இறுகிப்போகும் பசையை ஊற்றி வயரை உள்ளேயே பதித்தது. டிஷ்யூ மொரமொரவென்று இருக்கிறது. இதை இப்போது பெட்டியிலிருந்து கழற்றி முதுகோடு சேர்த்து வாளியில் போடுகிறேன். வயர் நுனிகள் மட்டும் வெளியே, பம்போடு சேர்ந்திருக்கின்றன. அழுத்தினால்… கேட்கிறதா? ஓடுகிறது.

விலை ராக்கரைவிட நாலு மடங்கு. கொடுத்தேன், வருத்தமில்லை.

கயாக்கில் துளை போட எனக்கு மனசில்லை, அந்த பாலிஎதிலீனில் சிலிக்கான் பசை சரியாகப் பிடிக்காது. பேட்டரி, பியூஸ், சுவிட்ச் எல்லாம் ஒரே பெட்டியில், சுவிட்ச் மூடியில். சார்ஜ் போட வீட்டுக்குத் தூக்கி வந்துவிடலாம். பெட்டிக்குள் ஈரம் தங்காமல் இருக்கத் தேயிலைத்தூள் பொட்டலம் வைக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். முப்பது வருஷம் ஃபேக்டரியில் இருந்தவர். "தூள் ஈரத்தை இழுக்கும்தான்டா, ரெண்டு நாளில் பூசணமும் பிடிக்கும்" என்றார். சிலிக்கா ஜெல் பொட்டலமே போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காசல்ரீயில் இறக்குகிறேன். மழை விட்டால்.