பேலன்ஸ் இல்லாத போனிலும் அவசர எண் போவது ஏன்?

(திரையில்: 'ரீசார்ஜ் செய்யவும்' என்று காட்டும் போன். விரல் 112-ஐ அழுத்துகிறது.)

ரீசார்ஜ் முடிந்துபோன போன். வேறு யாரிடமும் பேச முடியாது, ஆனால் அவசர எண் மட்டும் போகிறது. கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு விட்டுவைத்த வசதி இல்லை இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: காசில்லாமல், நாணயமோ கார்டோ போடாமல், பொதுத் தொலைபேசியிலிருந்தும்கூட 112 கிடைத்தாக வேண்டும்.

எண்ணை அறிவிப்பது சுலபம். லண்டனில் 999 வந்தது 1937-இல். அமெரிக்காவில் 911-க்கு முதல் அழைப்பு போனது 1968-இல். ஆனால் 911-தான் நாடு முழுவதற்குமான அவசர எண் என்று அங்கே சட்டம் வந்தது 1999-இல்தான். நடுவில் முப்பது வருஷம்! அந்த எண்ணை அடித்தால் யார் யார் என்ன செய்தாக வேண்டும் என்று எழுதிவைப்பதில்தான் சிரமமே.

(திரையில்: ஓட்டல் அறை மேசையில் ஒரு போன். 'வெளி அழைப்புக்கு முதலில் 9' என்ற ஸ்டிக்கர்.)

இந்த ஸ்டிக்கரைக் கொஞ்சம் பாருங்கள். 2013-இல் டெக்சஸில் ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கப்படுகிறார். கூட இருந்த ஒன்பது வயது மகள் 911-ஐ அழுத்துகிறாள், திரும்பத் திரும்ப நான்கு முறை. அழைப்பு போகவே இல்லை. வெளியே பேச முன்னால் ஒரு 9 சேர்க்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? சொல்லிக்கொடுத்தபடி சரியாகத்தான் செய்தாள். தாய் இறந்துபோனார்.

2018-இல் அந்தத் தாயின் பெயரிலேயே 'கேரி சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்கும், பொருத்தும் ஓட்டல், அலுவலகத் தொலைபேசி அமைப்புகளில் 911-ஐ நேரடியாக அடித்தாலே போக வேண்டும். அழைப்பு போனதும் வரவேற்பு மேசை போன்ற ஓர் இடத்துக்குத் தகவலும் வர வேண்டும். ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது எந்த அறை என்று தேடக்கூடாது அல்லவா.

சரி, மொபைலில் அழைத்தால்? வீட்டுப் போனுக்கு முகவரி உண்டு. மொபைலுக்குக் கிடையாது, பதற்றத்தில் இருப்பவருக்கு இடம் சொல்லவும் வராது. அதனால் நெட்வொர்க் தரும் இடத்தோடு, போனே கணக்கிடும் இடத்தையும் அவசர மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 2018-இன் ஐரோப்பிய விதித்தொகுப்பு. இருப்பிடத்தை மறைத்துவைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அவசர அழைப்பில் அதைத் தாண்டிப்போகவும் சட்டம் அனுமதிக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இந்தியா போனுக்குள்ளேயே கைவைத்தது. பேனிக் பட்டன், அதாவது ஆபத்தில் ஒரே அழுத்தில் அவசர எண்ணை அழைக்கும் வசதி, இல்லாத மொபைலை 2017 ஜனவரி 1 முதல் விற்கக்கூடாது என்று 2016-இல் விதி வந்தது. சாதாரண போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் போதும்.

எல்லா நாடும் ஒரே மாதிரி யோசிப்பதில்லை. சிம் இல்லாத போனிலிருந்து வரும் 911 அழைப்பையும் அமெரிக்கா இணைக்கச் சொல்கிறது. ஜெர்மனி 2009-இல் அதை நிறுத்திவிட்டது. அவ்வளவு விளையாட்டு அழைப்புகள்.

(திரையில்: 2023 ஜூன் 25, பிரிட்டன்.)

கடைசியாக, கம்பெனி தவறினால் என்ன? அன்று 999 அழைப்புகளைக் கையாளும் 'பிடி' (BT) என்ற தொலைபேசி நிறுவனத்தின் அமைப்பு பத்து மணி நேரத்துக்கு மேல் தடுமாறியது. ஏறக்குறைய 14,000 அழைப்புகள் போய்ச் சேரவில்லை. மாற்று அமைப்பு இருந்தது. ஆனால் அதற்கு மாறும் முதல் முயற்சியே தோற்றது, காரணம் செய்முறைக் குறிப்பு சரியாக எழுதப்படவில்லை. யாருக்கும் கடுமையான பாதிப்பு நேர்ந்ததாக உறுதியாகவில்லை. ஆனாலும் 2024-இல் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்காம் 1.75 கோடி பவுண்ட் அபராதம் போட்டது.