ஒத்துப்போகாதவர்கள் ஒரே மேசையில்

நேயர்களுக்கு வணக்கம்.

1959 ஜூன் 4ஆம் தேதி எட்டு அரசியல் கைதிகள் சிங்கப்பூரின் சாங்கி சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். லிம் சின் சியோங், ஃபோங் சுவீ சுவான், தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, வுட்ஹல் எல்லாரும் அதில் அடக்கம். இவர்களை விட்டால்தான் பதவி ஏற்போம் என்று தேர்தலில் வென்ற மக்கள் செயல் கட்சி உறுதியாக நின்றது. அந்த ஒற்றுமைக்கு ஆயுள் இரண்டே வருடம். 1961 ஜூலையில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 51 பேர் அவையில் அரசுக்குக் கிடைத்தது 27 வாக்கு. சொந்தக் கட்சிக்காரர்கள் 13 பேர் வாக்களிக்கவே இல்லை. அவர்களிடமிருந்து பாரிசான் சோஷலிஸ் என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தது. தேவன் நாயர் ஒரு பக்கம், லிம்மும் ஃபோங்கும் வுட்ஹலும் மறுபக்கம். தொழிற்சங்கங்களும் இரண்டாக உடைந்தன.

மலாயாவோடு சிங்கப்பூர் எப்படி இணைவது என்பதில் வந்த பிளவு அது. பெரிய கேள்வி, பிரிந்ததைக் குறை சொல்ல மாட்டேன். என் மனதை அறுப்பது அதற்கப்புறம் இடதுசாரிகளுக்குள்ளேயே நடந்தது.

1963 பிப்ரவரியில் கோல்ட்ஸ்டோர் நடவடிக்கை. இடதுசாரிகள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது. முக்கியத் தலைவர்கள் உள்ளே இருந்தபோதே, அதே ஆண்டு செப்டம்பர் தேர்தலில் பாரிசான் 13 இடங்களையும் மூன்றில் ஒரு பங்கு வாக்குகளையும் வாங்கியது. அடுத்த வருடமே இளைஞர்களுக்கான கட்டாய தேசிய சேவைப் பதிவை எப்படி எதிர்ப்பது என்று சண்டை. பாரிசான் தலைவர் லீ சியூ சோ வெளியேறி, 1965இல் திரும்பினார். பிறகு நாடாளுமன்றப் புறக்கணிப்பு, 1966இல் பதவி விலகல், 1968 தேர்தலும் வேண்டாம் என்ற முடிவு. சிறையில் கிடந்தவர்கள் அந்த விவாதங்களில் உட்காரவே முடியவில்லை. 1981இல் ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்னம் வெல்லும்வரை எதிர்க்கட்சிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. புறக்கணிப்பு பெரும் தவறு என்றே நான் நினைக்கிறேன். வாக்களித்த அத்தனை பேரின் குரலும் அதோடு போயிற்று.

இப்போது நம் கூட்டங்களுக்கு வருகிறேன். தேக்காவில் ஒரு கலந்துரையாடல். "வெளியாள் மலிவா கிடைக்கிறதால எனக்குச் சம்பளம் ஏறல அண்ணே" என்றார் துப்புரவு வேலை செய்யும் ஒரு தம்பி. "அப்ப நீ தொழிலாளிக்கே எதிரி" என்று பாய்ந்தார் ஒருவர். கூட்டத்தை நடத்திய அக்கா குறுக்கே வந்தார்: "அவரு சொன்னத, அவரே ஆமான்னு சொல்ற மாதிரி முதல்ல நீங்க சொல்லுங்க." பாய்ந்தவரால் உடனே முடியவில்லை. தம்பியிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது, ஒவ்வொரு முறை டெண்டர் மாறும்போதும் குறைந்த விலை கேட்ட நிறுவனத்துக்கே வேலை போகிறது, ஆள் கணக்கு குறைகிறது என்று. முகவருக்குக் கொட்டிக்கொடுத்த கடனோடு வந்த வெளிநாட்டு ஊழியரும் அந்த டெண்டரில்தான் சிக்கியிருக்கிறார்.

எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன் எந்த டெண்டர், எவ்வளவு சம்பளம் என்று கேளுங்கள். பெரும்பான்மை முடிவெடுத்தால், எதிர்த்தவர் சொன்ன காரணத்தையும் கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். முடிவு சரிவரவில்லை என்றால் திரும்பிப் பார்க்க அது வேண்டும். எதிர்த்தவரையே அடுத்த கூட்டத்துக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுங்கள். அரசியல் பிடிவாதம் வேறு, ஆள்மேல் சந்தேகம் வேறு. இரண்டாவது நுழைந்த இடத்தில் முதலாவதைப் பேசித் தீர்க்க வழியே இருக்காது.

வெளிநாட்டு ஊழியர் லெவியை, அதாவது அவர்களை வேலைக்கு வைக்க முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணத்தை, கூட்டுவதா குறைப்பதா என்பதில் அந்தத் தம்பியும் பாய்ந்தவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. டெண்டர் முறையை மாற்றக் கேட்கும் மனுவை மட்டும் இருவரும் சேர்ந்தே எழுதுகிறார்கள்.

வணக்கம்.