அடுத்த மேஜிக் செட்டில் என்ன வரும்? பழைய கார்டுகளைப் படியுங்கள்

[திரையில்: கோஸ்ட்ஃபயர் கார்டு, முழு அளவில்]

வணக்கம். இந்தக் கார்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெயர் கோஸ்ட்ஃபயர். மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில், 2007 மே மாதம் வெளியான ஃபியூச்சர் சைட் செட்டில், அதாவது ஒரே சமயத்தில் வெளியாகும் கார்டுத் தொகுப்பில் வந்தது. போட மூன்று மானா, அதாவது கார்டு போடச் செலவழிக்கும் மந்திர சக்தி வேண்டும், அதில் ஒன்று சிவப்பு. போட்டால் மூன்று டேமேஜ். சிவப்பு மானா கொடுத்து மூன்று டேமேஜ் அடிப்பது இந்த ஆட்டத்தில் 1993லிருந்தே உண்டு. ஆனால் இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. சிவப்பு மானா கொடுத்தாலும் இந்தக் கார்டு நிறமற்றது என்று கார்டிலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஏன் நிறமற்றது? அடியில் சாய்வெழுத்தில் இருக்கும் கதை வரியில் பதில் இருக்கிறது. ஊஜின் என்ற ஆவி டிராகனின் கண் வாய்த்தவர்களுக்கு மட்டுமே அதன் நெருப்பு மூச்சு தெரியும் என்கிறது அந்த வரி. அன்றைக்கு ஊஜின் யாரென்று ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது. கார்டில் ஊஜினின் படமும் இல்லை, கதையும் இல்லை. பெயர் மட்டும்தான்.

2010 பிப்ரவரியில் வேர்ல்ட்வேக் செட் வந்தது. அதில் ஒரு நிலக் கார்டு, பெயர் 'ஊஜினின் கண்'. மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த வரியிலிருந்தே பெயரை எடுத்திருந்தார்கள். எல்ட்ராசி என்ற அரக்கர்களின் நிறமற்ற கார்டுகளின் விலையை இரண்டு மானா குறைப்பது அதன் வேலை. ஆனால் அப்போது ஆட்டத்தில் ஒரு எல்ட்ராசிகூட இல்லை! இரண்டே மாதத்தில் எல்ட்ராசிகள் வந்துவிட்டார்கள். கடைசியில் 2015 ஜனவரியில், ஃபேட் ரீஃபோர்ஜ்ட் செட்டில் ஊஜினே வந்தார், நிறமற்ற பிளேன்ஸ்வாக்கராக, அதாவது உலகம் விட்டு உலகம் போகக்கூடியவராக. அவருடைய முதல் சக்தி என்ன தெரியுமா? மூன்று டேமேஜ். எட்டு வருடத்துக்கு முன்னால் கோஸ்ட்ஃபயர் கொடுத்த அதே நிறமற்ற மூன்று டேமேஜ்.

அடுத்த செட் என்ன, இந்த ஆட்டத்தின் கதையைச் சொல்லும் அடுத்த நாவலில் யார் சாவார்கள் என்று ஊகிக்கும் ரசிகர்களுக்கு எந்த இடத்தில் தேட வேண்டும் என்பதுதான் இந்த வீடியோ. கசிந்த படங்களைத் தேடி அலைவதைவிட, ஏற்கெனவே அச்சாகிக் கையில் இருக்கும் கார்டுகளைக் கூர்ந்து படிப்பவர்தான் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு செட்டை வடிவமைக்கும் வேலை, அது கடைக்கு வருவதற்குச் சுமார் இரண்டு வருடம் முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால் இன்றைக்கு நாம் பிரிக்கும் பூஸ்டர் பாக்கெட்டை உருவாக்கியவர்களுக்கு, அதற்கடுத்த செட்டுகள் எங்கே போகின்றன என்பது ஓரளவு தெரியும். தெரிந்ததைத் தெரியாதவர்போல அவர்கள் எழுதுவது கஷ்டம். சில சமயம் எழுத விரும்புவதும் இல்லை.

[திரையில்: ஃபியூச்சர் சைட் கார்டுகள், வரிசையாக]

ஃபியூச்சர் சைட்டை இதற்கென்றே செய்தார்கள் என்று சொல்லலாம். அதிலுள்ள 180 கார்டுகளில் 81 கார்டுகள், எதிர்காலத்தில் வரப்போகும் செட்டுகளிலிருந்து முன்கூட்டியே விழுந்தவை என்ற கற்பனையோடு, வேறொரு சட்டகத்தில் அச்சிடப்பட்டவை. எது நிஜமான முன்னறிவிப்பு, எது சும்மா என்று சொல்லவில்லை. ரசிகர்கள் 2007லிருந்து அந்த 81ஐத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

டார்மோகாய்ஃபைப் பாருங்கள். புதைகுழியில், அதாவது ஆடி முடித்த கார்டுகளின் குவியலில், எத்தனை வகைக் கார்டுகள் இருக்கின்றனவோ அத்தனை பலம் இந்த மிருகத்துக்கு. வகைகள் எவையென்று அடைப்புக்குறிக்குள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் 'பிளேன்ஸ்வாக்கர்' என்று ஒரு சொல். 2007 மே மாதத்தில் பிளேன்ஸ்வாக்கர் என்றொரு கார்டு வகையே கிடையாது! அதே வருடம் அக்டோபரில் லோர்வின் செட்டில் அஜானி, ஜேஸ், லிலியானா, சாண்ட்ரா, காருக் என்று ஐந்து பேர் வந்தார்கள். இந்த ஆட்டத்தின் முகமே மாறியது. ஐந்து மாதத்துக்கு முன்பே, பலர் படிக்காமல் தாண்டிப் போகும் விளக்கக் குறிப்பில் அது எழுதப்பட்டிருந்தது.

லூசென்ட் லிமினிட் என்று இன்னொன்று. பறக்கும் ஒரு சாதாரண மிருகம். ஆனால் அதன் வகை வரியில் மந்திரம், மிருகம் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். இது எங்கே பொருந்தும் என்று யோசித்தவர்களுக்கு 2013ல் தேரோஸ் செட்டில் பதில் கிடைத்தது. கிரேக்கப் புராணத்தின் சாயலில் அமைந்த அந்த உலகத்தில் கடவுள்களும் கடவுள் தொட்ட உயிர்களும் இதே வகையில்தான் வந்தார்கள்.

இன்னும் நீளமான காத்திருப்பு முரகண்டாவுக்கு. 'முரகண்டா பெட்ரோகிளிஃப்ஸ்' என்ற கார்டு, எந்தச் சக்தியும் இல்லாத மிருகங்களுக்குப் பலம் கூட்டும். முரகண்டா என்பது ஓர் ஆதிகால உலகம், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். வருடா வருடம் யாராவது ஒருவர் "இந்த முறை முரகண்டாதான்" என்பார். 2025 பிப்ரவரியில் வந்த ஏதர்டிரிஃப்ட் செட்டில், மூன்று உலகங்கள் வழியாகப் போகும் ஒரு பந்தயத்தில், முரகண்டாவும் ஒரு கட்டமாக வந்தது. பதினெட்டு வருடம்.

ஸ்டீம்ஃப்ளாகர் பாஸைச் சொல்லாமல் விட முடியாது. ரிக்கர் என்ற வகை மிருகம், கான்ட்ராப்ஷன் ஒன்றைக் கட்டினால் ஒன்றுக்குப் பதிலாக இரண்டாகக் கட்டும் என்கிறது அந்தக் கார்டு. கான்ட்ராப்ஷன் என்றால் என்ன என்பதை விளக்கும் விதியே அப்போது ஆட்டத்தில் இல்லை. விளையாட்டாக அச்சிட்ட கார்டு அது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 டிசம்பரில் அன்ஸ்டேபிள் செட்டில் கான்ட்ராப்ஷன்கள் நிஜமாகவே வந்தன. இங்கே ரசிகர்களின் ஊகம் முன்னறிந்து சொன்னது என்பதைவிட, கேட்டு வாங்கியது என்பதே சரி. இரண்டும் ஊகம் செய்கிற வேலைதான்.

[திரையில்: இரண்டு சின்னங்கள் அருகருகே]

சரி, இப்போது ஊகத்தையே விளம்பரமாக்கிய கதை. 2010ல் மிரோடின் என்ற உலோக உலகத்துக்கு ஆட்டம் திரும்பியது. மூன்று செட்டுகள். முதல் இரண்டின் பெயரைச் சொன்னார்கள். மூன்றாவதற்கு இரண்டு பெயர்கள், இரண்டு சின்னங்கள். மிரோடின் ஜெயித்தால் 'மிரோடின் ப்யூர்', அதை ஆக்கிரமிக்கும் ஃபைரெக்சியர்கள் ஜெயித்தால் 'நியூ ஃபைரெக்சியா'. எது என்று சொல்லவில்லை. நடுவில் வந்த செட்டின் பிரீரிலீஸில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய ஆட்ட நிகழ்ச்சியில், ஆட்டக்காரர்களே ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்சியின் பாக்கெட்டை வாங்கி ஆடினார்கள்.

பதிலைக் கார்டுகள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு கார்டின் எழுத்துக்குப் பின்னாலும் மங்கலாக ஒரு கட்சிச் சின்னம் இருந்தது. முதல் செட்டில் ஃபைரெக்சியச் சின்னம் கொஞ்சம்தான். இரண்டாவதில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. இந்தப் போக்கை நீட்டிப் பார்த்தால் மூன்றாவது எந்தப் பக்கம் போகும் என்பது தெரிந்துவிடும். நாவல் படிப்பவர்களுக்கு இன்னும் முன்பே சந்தேகம் வந்திருக்கும். 2003-04ல் முதல் மிரோடின் செட்டுகளோடு வந்த நாவல்களில், அந்த உலகத்தைப் படைத்த கார்ன் தெரியாமல் விட்டுச்சென்ற கறுப்பு எண்ணெய், அங்கே காவலனாக வைக்கப்பட்ட மெம்னார்க்கைத் தொட்டு, அவன் புத்தியைக் கெடுக்கிறது. அந்த எண்ணெய் ஃபைரெக்சியாவினுடையது. ஏழு வருடம் கழித்து அதிலிருந்து ஒரு போரே முளைத்தது.

இவ்வளவு அழகாகக் கட்டிய புதிருக்கு என்ன ஆனது? 2011ல், பத்திரிகைக்காக முன்கூட்டியே அனுப்பப்பட்ட நியூ ஃபைரெக்சியாவின் முழு விவரமும் வெளியீட்டுக்கு முன்பே இணையத்தில் கசிந்தது. கசிவில் தொடர்புடைய ஆட்டக்காரர்களுக்குப் பின்னர் தடை விதித்தார்கள். ஒவ்வொரு கார்டாகத் தெரியவேண்டியது ஒரே நாளில் பட்டியலாக வந்து விழுந்தது. கசிவைப் பகிர்கிறவர்கள் ரசிகர்களுக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். கண்டுபிடிக்கிற சந்தோஷத்தை அது பறித்துவிடுகிறது.

அப்புறம், நாவல்கள். இந்த ஆட்டத்துக்கு நாவல் 1994லேயே வந்துவிட்டது. முதல் நாவலின் பெயர் அரீனா. அந்தக் காலத்து மேஜிக் நாவல்களில் ஒரு கூப்பன் இருக்கும். வெட்டித் தபாலில் அனுப்பினால் ஒரு கார்டு வரும். அப்படி வந்தவற்றில் ஒன்று மானா கிரிப்ட். இலவசமாகப் போடலாம், ஒவ்வொரு முறையும் இரண்டு மானா கொடுக்கும். பிற்காலத்தில் நூறு டாலருக்கு மேல் விலைபோன கார்டு அது. 2024 செப்டம்பரில் கமாண்டர் ஆட்ட வகையில் தடைசெய்யும் அளவுக்கு அதன் பலம் இருந்தது.

ஊகிப்பவர்களுக்கு நாவல் இரண்டு விதத்தில் உதவும். ஒன்று, அச்சு நாவலைப் புத்தகக் கடைகள் மாதக்கணக்கில் முன்னால் ஆர்டர் செய்ய வேண்டும். அதனால் தலைப்பும் பின்னட்டை வாசகமும் கார்டுகளுக்கு முன்பே வெளியே வந்துவிடும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். நாவலையும் கார்டுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2019 மே மாதம் வார் ஆஃப் த ஸ்பார்க் வந்தது. எங்கெங்கோ இருந்த பிளேன்ஸ்வாக்கர்கள் எல்லோரையும் ரவ்னிகா நகரத்தில் அடைத்துவைத்து நிக்கல் போலஸ் என்ற டிராகன் நடத்தும் போர். ஒரே செட்டில் 36 பிளேன்ஸ்வாக்கர் கார்டுகள், பாக்கெட்டுக்கு ஒன்று. அந்த 36ல் டாக் ஃபேடன் இல்லை. காமிக்ஸில் நாயகனாக இருந்தவன், 2014ல் கான்ஸ்பிரசி செட்டில் கார்டும் வாங்கியவன். எல்லோரும் இருக்கும் இடத்தில் அவனுக்கு மட்டும் ஏன் கார்டு இல்லை என்று கேட்டால், பதில் ஏப்ரல் 23ல் வந்த நாவலில் இருந்தது. அவன் அதில் செத்துப்போகிறான். புதிய கார்டு கிடைக்காத பழைய பாத்திரத்தின் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

ஆனால் நாவலில் எழுதியதே கடைசி வார்த்தை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வருடம் நவம்பரில் வந்த அடுத்த நாவல், சாண்ட்ராவுக்கும் நிஸாவுக்கும் இடையே வருடக்கணக்காக வளர்ந்த காதலை ஒரே பத்தியில் இல்லையென்று ஆக்கியது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. ஆட்டத்தின் கதைகளில் இத்தனை காலம் கவனமாக விதைத்ததை நம்பியவர்கள் அவர்கள். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. 2023ல் வந்த கதையில் சாண்ட்ராவும் நிஸாவும் ஒன்றுசேர்ந்தார்கள். நாவல் மறுத்தது நிற்கவில்லை.

2020 ஜனவரியில் வந்த தேரோஸ் பியாண்ட் டெத் செட்டுக்கு நாவலே வரவில்லை. கதைச் சுருக்கம் மட்டும்தான். அப்படியும் ரசிகர்களின் பழைய ஊகம் பலித்தது. 2014 கதையில் கொல்லப்பட்ட எல்ஸ்பெத் என்ற பிளேன்ஸ்வாக்கர் திரும்பி வந்தாள். தேரோஸின் பாதாள உலகத்திலிருந்து ஆட்கள் தப்பி வர முடியும் என்று பழைய தேரோஸ் கார்டுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டவர்கள் ஆறு வருடம் நம்பிக்கை விடவில்லை.

மற்ற தடயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய செட் அறிமுகமாகும் முன் ரோஸ்வாட்டர் குறிப்புகள் கொடுப்பார், அரைகுறை வாக்கியங்களாக. ஒரு விதி திரும்ப வருமா என்பதற்கு ஸ்டார்ம் அளவுகோல், ஓர் உலகம் திரும்ப வருமா என்பதற்கு ரேபியா அளவுகோல் என்று அவரே இரண்டு வைத்திருக்கிறார். திரும்ப வாய்ப்புக் குறைவு என்று சொல்லப்பட்ட காமிகாவா 2022ல் வந்ததை மறக்காதீர்கள். தயாரிப்பில் இருக்கும் செட்டுகளுக்கு நிறுவனத்துக்குள் வைக்கும் பெயர்களும் உண்டு. எல்ட்ரெய்னுக்கு ஆர்ச்சரி, தேரோஸ் பியாண்ட் டெத்துக்கு பேஸ்பால், இகோரியாவுக்கு கிரிக்கெட். அகர வரிசையில் விளையாட்டுகள். இவற்றை வைத்துக் கதையை ஊகிக்க முடியாது, எத்தனை செட்டுகள் தயாராகின்றன என்று எண்ணலாம், அவ்வளவுதான். இன்னொன்று, ஊகத்தை நம்பிப் பழைய கார்டுகளை மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். விலை ஏறுவது ஊகம் பலித்ததால் அல்ல, பத்துப் பேர் ஒரே நேரத்தில் வாங்கியதால். மறுபடி அச்சானால் இறங்கிவிடும்.

[திரையில்: ஃபெரோஸ் பேன் கார்டு]

என்னுடைய ஊகத்தைச் சொல்கிறேன். உல்க்ரோதா. 1995ல் ஹோம்லாண்ட்ஸ் செட் நடந்த உலகம். ஆடுவதற்குப் பலவீனமான செட் என்று பெயர் வாங்கியதால் அங்கே தனி செட் திரும்பவே இல்லை. ஆனால் அந்த உலகத்தின் காட்டேரிப் பிரபு செங்கிருக்கு 2020ல் கமாண்டர் லெஜண்ட்ஸில் புதிய கார்டு கொடுத்தார்கள். திரையில் இருக்கும் கார்டு, ஃபெரோஸ் என்ற பிளேன்ஸ்வாக்கர் அந்த உலகத்தைச் சுற்றி எழுப்பிய தடை. மிருகக் கார்டுகள் எல்லாவற்றின் விலையையும் இரண்டு மானா கூட்டும். கதையில், வெளியிலிருந்து பிளேன்ஸ்வாக்கர்கள் உள்ளே வராமல் தடுப்பதற்காகக் கட்டியது. 2023க்குப் பிறகு நிலைமை வேறு. உலகங்களுக்கு நடுவே ஓமன்பாத் என்ற வழிகள் திறந்துவிட்டன. பிளேன்ஸ்வாக்கர் அல்லாதவரும் நடந்தே போகலாம். அந்தத் தடை ஓமன்பாத்தையும் தடுக்குமா?

தனி செட்டாக வரும் என்று நான் சொல்லவில்லை. முரகண்டா வந்ததுபோல, பல உலகங்களைத் தொடும் ஒரு செட்டில் ஒரு பகுதியாக வரும். தடை உடைகிற காட்சியைக் கார்டில் காட்டுவார்கள், செங்கிர் வெளியே வருவதை நாவலிலோ இணையக் கதையிலோ எழுதுவார்கள். உங்களுக்கு வேறு உலகம் தோன்றினால் எந்தக் கார்டின் எந்த வரியை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கார்டுகளைத் திரையில் வைத்து அடுத்த வீடியோவில் பேசுவோம்.